விழுகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம்?

வாசகியின் கேள்வி:

தாரமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டிலேயே விசைத்தறி போட்டிருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றித் தறி பார்க்கிறோம். பெரியவளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. சின்னவனுக்கு இரண்டரை. பெரியவளுக்குக் கீழ்க் கடைவாயில் இடது பக்கம் ஒரு பல் குழி விழுந்து, சாப்பிட்டால் சோறு போய் அடைத்துக்கொள்கிறது. போன வாரம் ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து அழுதாள். சேலத்தில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினோம். பால் பல்தான், ஆனாலும் ரூட் கேனல் மாதிரி செய்து ஸ்டீல் கேப் போட வேண்டும் என்றார். விழுகிற பல்லுக்கு எதற்கு இந்தச் செலவு, பிடுங்கிவிடலாம் என்கிறார் என் மாமியார். இல்லையென்றால் பூச்சி எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார். சின்னவனுக்கு மேல் முன்பல் நான்கும் ஈறோரம் பழுப்பாக அரித்த மாதிரி இருக்கிறது. பால் பாட்டிலை வாயில் வைத்தால்தான் தூங்குவான். பிரஷ்ஷை எடுத்தாலே ஓடுகிறான். எங்கள் போர் தண்ணீரில் புளூரைடு இருக்கிறது, அதனால் புளூரைடு பேஸ்ட் கூடாது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். பெரியவளுக்குப் புதிதாக முளைத்த முன்பல்லிலும் வெள்ளைத் திட்டு இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பெரியவளைப் பார்ப்போம். சின்னவனின் முன்பல்லும் போர் தண்ணீரும் ஒரு வாரம் பொறுக்கும். தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வலி பொறுக்காது.

அந்த டாக்டர் சொன்னதில் தப்பில்லை. ஜில்லென்று ஏதாவது பட்டால் சுரீரென்று கூசி உடனே அடங்கிவிட்டால், சொத்தை இன்னும் ஆழமாகப் போகவில்லை என்று நினைக்கலாம். சுத்தம் செய்து அடைத்தால் போதும். ஒன்றும் படாமலே, படுத்த பிறகு தானாக வலி கிளம்பினால், சொத்தை பெரும்பாலும் நரம்பு வரை போயிருக்கும். பெரியவர்கள் பல்லின் எனாமலோடு ஒப்பிட்டால் பால் பல்லின் எனாமல் ஏறக்குறைய பாதி கனம்தான். உள்ளே இருக்கும் நரம்புக் கூடோ பல்லின் அளவுக்குப் பெரியது. அதனால்தான் பொங்கலுக்குக் கறுப்புப் புள்ளியாக இருந்தது ஆடிக்குள் குழியாகிவிடுகிறது. இந்தக் கட்டத்தில் மேலே மட்டும் சிமெண்ட் வைத்து அடைத்தால் உள்ளே சீழ் கட்டிக்கொள்ளும்.

உங்கள் மாமியார் கேட்பது நியாயமான கேள்விதான். முன்னால் இருக்கும் பால் பற்கள் 6, 7 வயதில் விழுகின்றன. வீட்டில் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு கடைவாயில் இருப்பதும் இதோ விழப்போகிறது என்று நினைத்துவிடுகிறோம். பால் கடைவாய்ப் பற்கள் 10, 11 வயதில்தான் விழும், சில பிள்ளைகளுக்கு 12 ஆகிவிடும். உங்கள் மகள் இன்னும் 3, 4 வருஷம் அந்தப் பல்லில்தான் மென்று சாப்பிட வேண்டும்.

பிடுங்கினால் வலி நிற்கும், அது உண்மை. ஆனால் அந்த இடம் காலியாக இருக்காது. பின்னால் நிற்கிற நிரந்தரப் பல் முன்பக்கமாகச் சாய்ந்து நகர்ந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 11 வயதில் அடியிலிருந்து மேலே வர வேண்டிய பல்லுக்கு வழி இருக்காது. கோணலாக வெளியே தள்ளிக்கொண்டு முளைக்கும், இல்லையென்றால் எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் 13 வயதில் பல்லுக்குக் கம்பி போட வேண்டும். அந்தச் செலவை விசாரித்துப் பார்த்தீர்களென்றால் இந்த கேப் மலிவாகத் தெரியும்.

ஆனால் எல்லாப் பால் பல்லையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வேர் ஏற்கெனவே பெரும்பகுதி கரைந்திருந்தாலோ, சீழ் அடியில் உள்ள எலும்பை அரித்து நிரந்தரப் பல்லின் மொட்டுப் பக்கம் இறங்கியிருந்தாலோ பிடுங்குவதுதான் சரி. அப்படிப் பிடுங்கினால் அந்த இடைவெளியைக் காத்து வைக்க ஒரு சின்ன கம்பி வளையம் போடச் சொல்லிக் கேளுங்கள். அதைப் போடாமல் அனுப்பினால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஸ்டீல் கேப் போட்டால் அசிங்கமாக இருக்கும் என்று சில வீட்டில் தயங்குகிறார்கள். கடைவாயில் இருப்பது, வாயைப் பிளந்து சிரித்தால்தான் தெரியும். தேயாது, உடையாது. அடியில் புதுப் பல் வரும்போது பால் பல்லோடு சேர்ந்து அதுவும் விழுந்துவிடும். ஸ்டீலைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டரிடம் போகிற வரைக்கும்: சாப்பிட்டவுடன் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கட்டும். குழியில் அடைத்த சோற்றை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள், குண்டூசி வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்து வைப்பது பழைய வழக்கம். பிள்ளைகளின் ஈறு அதில் வெந்துபோகும்.

பூச்சி எடுக்கிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள். கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டு, புகையை வாய்க்குள் பிடிக்க வைத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் வெள்ளையாக நெளிகிற மாதிரி எதையாவது காட்டுவார்கள். பல்லில் புழு இருப்பதில்லை. சொத்தையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா, நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று அது விடுகிற அமிலம். சூட்டில் குழந்தையின் உதடோ தொண்டையோ வெந்துபோகலாம். அதைவிடப் பெரிய நஷ்டம், பூச்சிதான் போயிடுச்சே என்று ஒரு மாதம் சும்மா இருந்துவிடுவது. அந்த மாதத்தில்தான் கன்னம் வீங்கும்.

மகளின் வாயில் இன்னொரு பல்லையும் நீங்கள் பார்க்க வேண்டும். நாளைக் காலையில் வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கீழ் வரிசையில் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். 6-ஆவதாக, எல்லாவற்றுக்கும் பின்னால், அகலமாக, மேலே ஆழமான வரிப்பள்ளங்களோடு ஒரு பல் நிற்கும். அது பால் பல் அல்ல. 6 வயதை ஒட்டி எந்தப் பல்லும் விழாமலே பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற நிரந்தரப் பல் அது. மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் 4. ஒன்றும் விழவில்லையே, அப்படியானால் இதுவும் பால் பல்தான் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். 9, 10 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, பாதி கரைந்துபோன இந்தப் பல்லைக் காட்டி, ‘பால் பல்தானே டாக்டர், பிடுங்கிடுங்க’ என்று சொல்கிற அப்பா அம்மா என் கிளினிக்குக்கு அடிக்கடி வருகிறார்கள். பிடுங்கினால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. சாகிற வரை மெல்ல வேண்டிய முக்கியமான பல் இது.

இந்த 4 பல்லின் பள்ளங்களையும் ஒரு பூச்சு வைத்து மூடிவிடலாம். சீலன்ட் என்போம். துளைக்க வேண்டாம், ஊசி வேண்டாம், சில நிமிஷ வேலை. கேப் போடப் போகும்போதே இதையும் கேளுங்கள். பெரியவளுக்கு நீங்கள் செய்கிற செலவில் இதுதான் சிறந்த செலவு என்பது என் எண்ணம்.

இனி, இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ராத்திரி பல் தேய்ப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, பெரும்பாலான வீடுகளில் அந்தப் பேச்சே இருக்காது. காலையில் பல் விளக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டோம். அந்த விஷயத்தில் நம் வீடுகள் கறாரானவை. ராத்திரி சாப்பிட்டு, வாய் கொப்பளித்தால் முடிந்தது. ஆனால் பல் கெடுவதற்கு வசதியான நேரம் ராத்திரிதான். பகலில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், அமிலத்தைக் கழுவும், கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பியும் கொடுக்கும். தூங்கும்போது எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வாயில் என்ன இருக்கிறதோ அது விடிய விடிய அங்கேயே வேலை செய்யும். இரண்டு வேளையில் ஒன்றைத்தான் முடியும் என்றால் ராத்திரி வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். இரண்டும் முடிந்தால் ரொம்ப நல்லது.

தேய்ப்பது உங்கள் கையாக இருக்க வேண்டும். உங்கள் மாமியார் கையாக இருந்தாலும் சரி. 7 வயதுப் பெண்ணின் சடையை அவளே பின்னிக்கொள்ளட்டும் என்று நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். கடைவாயின் உள்பக்கம் பிரஷ்ஷைத் திருப்பிப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். 8 வயது வரைக்கும் பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். அவள் தானே தேய்க்க ஆசைப்பட்டால் முதலில் தேய்க்கட்டும், பின்னாலேயே நீங்கள் ஒரு முறை தேய்த்துவிடுங்கள்.

சின்னவனுக்கு வேறு உபாயம். பாத்ரூமில் நிற்க வைத்து, எதிரில் நின்று தேய்க்க முயன்றால் ஓடத்தான் செய்வான். தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். அவனை மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையை உங்கள் மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். முகம் உங்களை அண்ணாந்து பார்க்கட்டும். வீட்டுக்காரர் இருந்தால் அவர் எதிரே உட்கார்ந்து கையையும் காலையும் லேசாகப் பிடித்துக்கொள்ளலாம். இப்போது ஆள்காட்டி விரலால் மேல் உதட்டைத் தூக்குங்கள். நடுவில் உதட்டையும் ஈறையும் இணைக்கிற ஒரு சின்னத் தோல் மடிப்பு தெரியும். பிரஷ் அதில் இடிக்கும்போதுதான் பிள்ளைகளுக்கு உயிர் போகிற மாதிரி வலிக்கும். பாதிப் பிள்ளைகள் பிரஷ்ஷைக் கண்டு ஓடுவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. விரலை அந்த மடிப்பின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு, பல்லும் ஈறும் சேருகிற கோட்டில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். முதலில் மேல் முன்பல். அவனுக்குக் கெட்டிருப்பது அங்கேதான். அழுதால் அழட்டும், அழுகிற வாய் நன்றாகத் திறந்திருக்கும். வாரம் பத்து நாளில் பழகிவிடுவான்.

பாட்டில் விஷயத்தில்தான் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். மேல் முன்பல் நான்கும் கெட்டு, கீழ் முன்பல் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படித்தான் இருக்கும். பாட்டில் குடிக்கும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொள்கிறது, பால் மேல்பல்லைச் சுற்றித் தேங்குகிறது. சர்க்கரையோ சத்து மாவோ கலந்த பால் என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் ஈறோரம் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பல் மறுபடி தேறிவிடும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் தானாகத் தேறாது.

சட்டென்று நிறுத்தினால் வீடு இரண்டாகும் என்று பயந்தால் படிப்படியாகப் போங்கள். இன்றைக்குச் சர்க்கரையை நிறுத்துங்கள். இரண்டு நாள் கழித்துப் பாலில் கால் பங்கு தண்ணீர், அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். வாரக் கடைசியில் பாட்டிலில் வெறும் தண்ணீர். தண்ணீருக்காக எந்தப் பிள்ளையும் ராத்திரி எழுந்து அழாது, பாட்டிலைத் தானே விட்டுவிடும். பால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் டம்ளரில் குடிக்கட்டும். குடித்து முடித்த பிறகு பல் தேய்த்துவிடுங்கள். தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. பெரியவளுக்கும் இதே சட்டம்தான். இருமல் சிரப்பும் இதில் அடக்கம், பல சிரப்புகளில் சர்க்கரை உண்டு. மருந்தைக் கொடுத்துவிட்டுத் தேயுங்கள்.

சின்னவனின் பல்லுக்கு டாக்டர் புளூரைடு வார்னிஷ் பூசலாம், அல்லது வெள்ளி கலந்த ஒரு திரவத்தைத் தொட்டு வைக்கலாம். இந்த இரண்டாவது மருந்து சொத்தையை அந்த இடத்திலேயே நிறுத்தும், துளைக்க வேண்டியதில்லை. ஆனால் சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு போகாது. முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வந்ததும் டாக்டர் பல்லைக் கெடுத்துவிட்டார் என்று சண்டை வரும். இரண்டரை வயதுப் பிள்ளையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பதற்குக் கறுத்த முன்பல் எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. முகத்தைப் பார்த்து அழகு பார்க்கிற சொந்தக்காரர்களுக்கு வேறு கருத்து இருக்கும்.

தின்பண்டத்தைப் பற்றி அதிகம் உபதேசம் செய்யப் போவதில்லை. எவ்வளவு தின்கிறார்கள் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறார்கள் என்பதுதான் கணக்கு. இனிப்போ மாவோ வாயில் பட்டதும் அமிலம் ஊறத் தொடங்குகிறது, அது அடங்கக் குறைந்தது அரை மணி நேரம் ஆகும். ஒரு கடலை மிட்டாயை 5 நிமிஷத்தில் தின்று முடித்தால் ஒரு தடவை. அதே மிட்டாயைப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க நக்கிக்கொண்டே இருந்தால், அந்தச் சாயங்காலம் முழுவதும் பல் அமிலத்தில் ஊறுகிறது.

தறி வீடுகளில் இது எனக்குத் தெரிந்த கதைதான். தறி ஓடிக்கொண்டிருக்கும், நூல் அறுந்தால் ஓட வேண்டும், குழந்தை காலைச் சுற்றும். கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து உட்கார வைக்காமல் என்ன செய்வது? கொடுங்கள், ஆனால் நேரம் வைத்துக் கொடுங்கள். காலை பதினொன்றுக்கு ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று. நடுவில் கேட்டால் கேரட், வெள்ளரி, வேகவைத்த கடலை, வேர்க்கடலை (சின்னவனுக்கு முழு வேர்க்கடலை வேண்டாம், புரையேறும்). டீயில் நனைத்த பொறையும் கிரீம் பிஸ்கட்டும்தான் கடைவாய்ப் பள்ளத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. மாம்பழத்தை விட அவை மோசம். மரவள்ளிச் சிப்ஸும் ஜவ்வரிசி வத்தலும் இனிக்காவிட்டாலும் மாவுதான், ஒட்டிக்கொண்டால் அதே வேலையைச் செய்யும். தட்டுவடை செட்டை நான் தடை செய்யப் போவதில்லை. சேலத்தில் கிளினிக் வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் எடுபடாது. ஒரே மூச்சில் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கட்டும்.

இப்போது புளூரைடு. உங்களைக் குழப்பியவர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்.

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் பாறையிலிருந்தே நிலத்தடி நீரில் புளூரைடு கரைந்து வருகிறது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான், 2013-இல் அந்தத் திட்டம் ஓடத் தொடங்கியது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் நல்ல தண்ணீர். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை குடிக்கலாம் என்பது இந்தியத் தரக்கணக்கு. அதற்கு மேலே போனால், தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் சரியாக இறுகாது. வெள்ளைத் திட்டு விழும், அதிகமானால் பழுப்பாகும்.

உங்கள் மகளின் முன்பல்லில் தெரிகிற திட்டு அப்படி வந்ததாக இருக்கலாம். அந்தப் பல் இப்போது முளைத்திருந்தாலும் அதன் எனாமல் உருவானது அவளுடைய முதல் சில வயதில். அன்றைக்குக் குடித்த தண்ணீரின் தடம் இன்றைக்குத் தெரிகிறது. தேய்த்துப் போக்க முடியாது, செங்கல் தூள், கரித்தூள், எலுமிச்சை எதையும் முயற்சி செய்யாதீர்கள். லேசான திட்டு பல்லுக்குக் கெடுதலில்லை. கல்லூரி வயதில் அவளுக்கு உறுத்தினால் அப்போது சரிசெய்துகொள்ள வழிகள் இருக்கின்றன.

இதில் நீங்கள் யோசிக்க வேண்டியது சின்னவனைப் பற்றி. அவனுடைய நிரந்தர முன்பற்கள் இந்த வயதில்தான் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஆகவே அவன் குடிக்கிற தண்ணீரும் சமையல் தண்ணீரும் காவிரிக் குழாய்த் தண்ணீராக இருக்கட்டும். தண்ணீர் வருகிற நாளில் அந்த அளவுக்குத் தனியாகப் பிடித்து வையுங்கள். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர் போதும். கொதிக்க வைத்தால் புளூரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. இயந்திரம் எடுத்துவிடும். ஆனால் முதலில் உங்கள் போரில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் போருக்கும் உங்கள் போருக்குமே வித்தியாசம் இருக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள்.

பேஸ்ட்டுக்கு வருவோம். 1000 பி.பி.எம். என்று போட்ட பேஸ்ட்டில் ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம் புளூரைடு. சின்னவனுக்கு வைக்க வேண்டியது ஓர் அரிசி அளவு, ஏறக்குறைய 0.1 கிராம். அதில் இருப்பது 0.1 மில்லிகிராம். இரண்டு வேளையும் துப்பாமல் முழுவதையும் விழுங்கினாலும் 0.2. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் உள்ளே போவது 2 மில்லிகிராம், பேஸ்ட்டில் போவதைப் போலப் பத்து மடங்கு. மாற்ற வேண்டியது தண்ணீரைத்தான். பல்லின் மேல் நேரடியாகப் படுகிற புளூரைடுதான் சொத்தையைத் தடுக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். திட்டு விழுந்த பல்லுக்குச் சொத்தை வராது என்ற நம்பிக்கையும் தப்பு, அதுவும் சொத்தையாகும்.

பெரியவளுக்குப் பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்குவார்களே, அது பேஸ்ட் விற்பதற்கு. பிள்ளைகளுக்கென்று படம் போட்டு விற்கும் சில பேஸ்ட்டில் புளூரைடு இருக்காது, அல்லது குறைவாக இருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். தேய்த்த பிறகு துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். சொம்புத் தண்ணீரைக் காலி செய்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் காறித் துப்பினால்தான் பல் விளக்கியதாக நினைக்கிற ஊர் நம் ஊர். இந்த ஒன்றை உங்கள் வீட்டில் நிலைநாட்டக் கொஞ்சம் நாளாகும். பிரஷ் மென்மையானதாக, தலை சின்னதாக இருக்கட்டும். மாமியார் வேப்பங்குச்சியோ பல்பொடியோ வைத்துக்கொள்ளட்டும், அதில் தகராறு வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டும் பிரஷ்.

செலவைப் பற்றிச் சொன்னீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. சேலத்துப் பக்கம் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகள் பல் பிரிவில் பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு, நேரம் மட்டும் கூடுதலாக ஆகும். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் அரசின் சிறார் நலப் பரிசோதனைக் குழு வரும்போது பல்லையும் பார்ப்பார்கள். அன்றைக்குப் பிள்ளைகளை லீவு போட வைக்காதீர்கள்.

இதற்கிடையில் பெரியவளுக்குக் கன்னம் வீங்கினால், காய்ச்சல் அடித்தால், வாயைத் திறக்க முடியாமல் போனால், விழுங்கச் சிரமப்பட்டால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வீக்கத்துக்கு மேலே சூடான ஒத்தடம் கொடுக்க வேண்டாம்.

போகிற அன்று சின்னவனையும் கூட்டிப் போங்கள், ஒரே பஸ் செலவில் இரண்டு பேரையும் காட்டிவிடலாம். முடிந்தால் காலை நேரமாகப் பார்த்துப் போங்கள், தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் ஒத்துழைக்க மாட்டார்கள். வீட்டில் யாரும் ‘சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போட்டுடுவார்’ என்று பயமுறுத்த வேண்டாம். ‘வலிக்கவே வலிக்காது’ என்று சத்தியமும் செய்ய வேண்டாம், மரத்துப்போக ஊசி போட வேண்டியிருக்கும், அப்புறம் உங்களையும் நம்ப மாட்டாள், எங்களையும் நம்ப மாட்டாள். ‘டாக்டர் பல்லை எண்ணிப் பார்ப்பார், வலிக்கிற பல்லைச் சரி பண்ணுவார், நான் பக்கத்திலேயே இருப்பேன்’ என்று சொன்னால் போதும். எக்ஸ்ரே எடுத்ததும் அதை உங்களுக்குக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். மாமியாரும் கூட வந்தால் இன்னும் நல்லது. பால் பல்லுக்கு அடியில் அடுத்த பல் காத்துக்கொண்டிருப்பது அதில் தெளிவாகத் தெரியும், அவரே பார்த்துக்கொள்ளட்டும்.